எத்தனை வாட்டுங்க? பம்ப்செட்டில் ஏமாறாத கொங்கு, ஸ்பீக்கர் பெட்டியில் ஏமாறுவது ஏன்?

கோயம்புத்தூரில் ஸ்பீக்கர் வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "ஏனுங்ணா, இது எத்தனை வாட்டுங்க?" கடைக்காரரும் கண் சிமிட்டாமல் ஒரு எண்ணைச் சொல்வார். ஆயிரம், இரண்டாயிரம், சில பெட்டிகளுக்கு ஐயாயிரம்கூட. கேட்டவருக்குத் திருப்தி, சொன்னவருக்கு வியாபாரம். அந்த எண்ணுக்கும் பெட்டிக்குள்ளிருந்து வரப்போகும் சத்தத்துக்கும் அநேகமாக எந்தச் சம்பந்தமும் இருக்காது.

இதே ஊரில் பம்ப்செட் வாங்கும் விவசாயியைக் கவனித்தால் விஷயம் புரியும். எத்தனை ஹெச்.பி. என்று மட்டும் கேட்டுவிட்டு அவர் பணத்தை எடுத்து வைப்பதில்லை. போர் எத்தனை அடி, தண்ணி எத்தனை அடியில நிக்குது, ஹெட் எவ்வளவு, டிஸ்சார்ஜ் எவ்வளவு, டெலிவரி எத்தனை இன்ச் என்று எல்லாவற்றையும் கேட்பார். நேம் பிளேட்டைக் குனிந்து படிப்பார். "ஒரே ஒரு நொடிக்கு இது 50 ஹெச்.பி. இழுக்குமுங்க" என்று 5 ஹெச்.பி. மோட்டாரை யாராவது விற்க வந்தால், அவர் தோட்டத்து வாசலைக்கூடத் தாண்ட முடியாது.

ஸ்பீக்கர் விற்பனையில் நடப்பது அச்சு அசலாக அதுதான். அந்த 'ஒரு நொடி' வித்தைக்கு பி.எம்.பி.ஓ. என்று பெயர்.

ஜி.டி.நாயுடுவும் டி.பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து 1937-ல் மின்மோட்டார் செய்யத் தொடங்கிய ஊர் இது. ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குத் தர முடியும் என்று 1941-ல் அறிவித்தவரும் அதே நாயுடுதான். மோட்டாருக்குக் காயில் கட்டும் பட்டறைகள் நிறைந்த ஊரில், ஸ்பீக்கரும் ஒரு மோட்டார்தான் என்பதை யாருக்கும் பாடம் எடுத்து விளக்க வேண்டியதில்லை. காந்தத்துக்கு நடுவே கம்பிச் சுருள், அதில் கரண்ட், அதனால் அசைவு. பம்ப் மோட்டார் சுற்றுகிறது, ஸ்பீக்கர் முன்னும் பின்னும் உதைக்கிறது. வித்தியாசம் அவ்வளவே. இன்று நாம் பார்க்கும் கோன் ஸ்பீக்கருக்கு அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் இருவரும் உருவம் கொடுத்தது 1925-ல். நூறு வருஷமாக அடிப்படை மாறவில்லை. பெட்டி மேல் ஒட்டும் எண்கள்தான் ஊதிக்கொண்டே போகின்றன.

அடாப்டரைத் திருப்பிப் பார்த்தால் போதும்

வாட் என்பது ஆம்ப்ளிஃபயர் தரும் மின்சக்தியின் அளவு. இதில் பயன்படும் எண், தொடர்ந்து எவ்வளவு தரும் என்பது, கடைமொழியில் 'ஆர்.எம்.எஸ். வாட்'. பி.எம்.பி.ஓ.வுக்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட அளவுமுறை எதுவும் கிடையாது. கண நேரத்துக்கு, சத்தம் எப்படிச் சிதைந்தாலும் பரவாயில்லை என்று கணக்குப் போட்டு, வரும் எண்ணை நாலு சேனலால் பெருக்கிப் போட்டாலும் கேட்க ஆளில்லை.

பொய்யைப் பிடிக்க இன்ஜினீயரிங் படிக்க வேண்டாம். பெட்டியோடு வரும் அடாப்டரில் '12 வோல்ட், 2 ஆம்பியர்' என்று எழுதியிருந்தால், இரண்டையும் பெருக்க வேண்டும்: 24 வாட். கிணற்றில் ஊறுவதே அவ்வளவுதான். அதற்கு மேல் அந்தப் பெட்டியால் தொடர்ந்து தர வழியே இல்லை.

அசெம்பிள் பண்ணும் பெட்டிகளில் அதிகம் அடிபடும் '4440 போர்டு' இன்னொரு நல்ல உதாரணம். அதில் இருக்கும் எல்.ஏ.4440 ஐ.சி.யின் விவரத்தாளில் உற்பத்தியாளரே கொடுத்திருப்பது, ஸ்டீரியோவில் சேனலுக்கு 6 வாட். பிரிட்ஜ் முறையில் இணைத்தால் 19 வாட். பல வீடுகளில் இன்றைக்கும் பாடிக்கொண்டிருக்கும் நல்ல ஐ.சி. அது. அதை வைத்துக் கட்டிய பெட்டிக்கு வெளியே நூற்றுக்கணக்கில் வாட் எழுதுவதுதான் அநியாயம்.

ஆனால் உண்மையான வாட் தெரிந்தாலும் பாதிக் கதைதான் தெரியும். சக்தியை இரட்டிப்பாக்கினால் சத்தம் 3 டெசிபல் மட்டுமே கூடும். காதுக்கு 'லேசா கூடுன மாதிரி இருக்கு' என்று தோன்றும், அவ்வளவே. 'ரெண்டு மடங்கு சத்தம்' என்று காது ஒப்புக்கொள்ள ஏறக்குறைய 10 டெசிபல் வேண்டும். அதற்குப் பத்து மடங்கு சக்தி தேவை. 50 வாட்டைக் கொடுத்துவிட்டு 100 வாட் வாங்குகிறவர், கூடுதல் பணத்துக்கு வாங்குவது அந்த 3 டெசிபலைத்தான்.

யாரும் கேட்காத எண்: சென்சிட்டிவிட்டி

முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். ஒரு வாட் கொடுத்து, ஒரு மீட்டர் தள்ளி நின்று அளந்தால் எத்தனை டெசிபல் வருகிறது? அதுதான் சென்சிட்டிவிட்டி. பம்ப் மொழியில் சொன்னால், ஒரு யூனிட் கரண்டுக்கு எத்தனை லிட்டர் தண்ணி.

84 டெசிபல் ஸ்பீக்கர் ஒன்று, 94 டெசிபல் ஸ்பீக்கர் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். முதலாவதுக்கு 100 வாட் கொடுத்தால் கிடைக்கும் சத்தம், இரண்டாவதுக்கு 10 வாட்டிலேயே கிடைத்துவிடும். '100 வாட் ஸ்பீக்கர்' என்பது அந்த ஸ்பீக்கர் தாங்கும் அளவே தவிர, அது போடும் சத்தத்தின் அளவு அல்ல. சுமை தூக்குபவர் எவ்வளவு சாப்பிடுவார் என்று விசாரித்துவிட்டு, எத்தனை மூட்டை தூக்குவார் என்று கேட்காமல் வருவதுபோல.

இதிலும் ஒரு சின்ன கோல்மால் உண்டு. சிலர் '1 வாட்' என்பதற்குப் பதில் '2.83 வோல்ட்' என்று போடுவார்கள். 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது சரியாக 1 வாட். 4 ஓம் ஸ்பீக்கருக்கு அதுவே 2 வாட் ஆகிவிடும். 3 டெசிபல் இனாம்.

திருவிழாவுக்குக் கட்டும் கூம்பு வடிவ ஒலிபெருக்கி கொஞ்சம் வாட்டிலேயே அடுத்த ஊர் வரைக்கும் கேட்டதன் ரகசியமும் இங்கேதான். கூம்பு, சின்னஞ்சிறு தகட்டின் அசைவை வெளிக்காற்றோடு கச்சிதமாகப் பொருத்திவிடுகிறது. சத்தத்தைச் சிதறவிடாமல் ஒரே திசையில் தள்ளுகிறது. 100 டெசிபலைத் தாண்டும் சென்சிட்டிவிட்டி அதற்குச் சர்வ சாதாரணம். பதிலுக்கு அது பேஸைக் கைகழுவிவிடும். தவில் சத்தம் தகர டப்பா மாதிரி கேட்டது அதனால்தான்.

வீட்டு ஸ்பீக்கர்கள் இந்த விஷயத்தில் படுமோசம். 88 டெசிபல் என்பது பரவாயில்லாத எண். அந்த ஸ்பீக்கரில்கூட, உள்ளே போகும் மின்சக்தியில் ஒரு சதவீதத்துக்கும் குறைவுதான் ஒலியாக வெளியே வருகிறது. மிச்சமெல்லாம் சூடு. காயில் கருகும் வாடை எங்கிருந்து வருகிறது என்று இனி யாரும் ஆச்சரியப்பட வேண்டாம்.

ஓம் பற்றி அதிகம் நீட்ட வேண்டியதில்லை. 8 ஓம் ஸ்பீக்கர் இரண்டை பேரலலாகக் கொடுத்தால் 4 ஓம், சீரிஸில் கொடுத்தால் 16. 'குறைந்தது 4 ஓம்' என்று சொல்லும் ஆம்ப்ளிஃபயரில் நாலு 8 ஓம் ஸ்பீக்கரை பேரலலாக மாட்டினால் 2 ஓம் ஆகி, புகை வரும். மல்ட்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் 8 ஓம் ஸ்பீக்கர் 6, 7 என்றுதான் காட்டும். 'டூப்ளிகேட் கொடுத்துட்டாங்க' என்று சண்டைக்குப் போக வேண்டாம். மீட்டர் காட்டுவது கம்பியின் நேர்மின்தடையை மட்டும்.

பெட்டி செய்கிறவருக்குத் தேவையான மூன்று எண்கள்

சரவணம்பட்டியில் வாடகை ஃபிளாட்டில் இருக்கும் ஐ.டி. ஊழியர் ஒருவர், வார இறுதியில் சொந்தமாக ஸ்பீக்கர் செய்ய ஆசைப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். நல்ல எட்டு இன்ச் ஊஃபர் கிடைத்துவிட்டது. பிளைவுட்டை எந்த அளவில் வெட்டுவது? கேட்கும் இடமெல்லாம் கிடைக்கும் பதில், "ஒன்றரை அடிக்கு ஒரு அடி போட்டுக்குங்க, சூப்பரா இருக்கும்." அதே அளவுதான் எல்லா எட்டு இன்ச் ஊஃபருக்கும். எல்லா போருக்கும் ஒரே பம்ப் போடச் சொல்வதுபோல்தான் இதுவும்.

பெட்டியின் அளவைத் தீர்மானிப்பது ஊஃபரின் இன்ச் அல்ல, அதன் குணம். அந்தக் குணத்தை எண்களாக்கியவர்கள் ஆஸ்திரேலியாவின் நெவில் தீலும், சிட்னி பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த அமெரிக்கர் ரிச்சர்ட் ஸ்மாலும். தீலின் கட்டுரை 1961-லேயே ஆஸ்திரேலியாவில் வெளியாகிவிட்டது. அதை 1971-ல் அமெரிக்காவின் ஆடியோ இன்ஜினீயரிங் சொசைட்டி இதழ் மறுபடி வெளியிட்ட பிறகுதான் உலகம் கவனித்தது. அவர்கள் பெயராலேயே இவற்றுக்குத் 'தீல்–ஸ்மால் அளவுகள்' என்று பெயர். அதுவரை உலகம் முழுக்கப் பெட்டி செய்தவர்கள் பெரும்பாலும் குத்துமதிப்பில்தான் செய்தார்கள். நாம் இன்னும் அங்கேயே நிற்கிறோம்.

முதல் எண், எஃப்.எஸ். தூரியில் உட்கார்ந்து ஆடினால், எவ்வளவு வேகமாகத் தள்ளினாலும் அதற்கென்று ஒரு தாளம் இருக்கும் அல்லவா? ஊஃபரின் கோனுக்கும் அப்படி ஒரு சொந்தத் தாளம் உண்டு. வினாடிக்கு 35 முறை ஆடுவது அதன் இயல்பு என்றால் எஃப்.எஸ். 35 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே போகும் பேஸை அந்த ஊஃபரிடம் எதிர்பார்ப்பது வீண்.

இரண்டாவது, க்யூ.டி.எஸ். தள்ளிவிட்ட கோன் எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது என்பது. ஷாக் அப்சார்பர் போன பைக், ஸ்பீட் பிரேக்கரைத் தாண்டிய பிறகும் துள்ளிக்கொண்டே போகும். நல்ல பைக் ஒரே துள்ளலில் நிற்கும். க்யூ.டி.எஸ். சுமார் 0.4-க்குக் கீழே இருந்தால் துளை வைத்த பெட்டிக்கு ஏற்றது. 0.4 முதல் 0.7 வரை மூடிய பெட்டி. இது கட்டை விரல் கணக்குதான், ஆனால் உதவும்.

மூன்றாவது, வி.ஏ.எஸ். பெயரைக் கேட்டதும் பலரும் ஓடுவது இங்கேதான். சைக்கிள் பம்ப்பின் வாயைக் கட்டை விரலால் அடைத்துக்கொண்டு அழுத்தினால், உள்ளே அகப்பட்ட காற்று ஸ்பிரிங் மாதிரி எதிர்த்துத் தள்ளும். காற்று குறையக் குறைய ஸ்பிரிங் கடினமாகும். ஊஃபரின் கோனைப் பிடித்திருக்கும் ரப்பர் விளிம்புக்கும் ஒரு ஸ்பிரிங் தன்மை உண்டு. அதே அளவு எதிர்ப்பைத் தர எத்தனை லிட்டர் காற்றை அடைக்க வேண்டும் என்பதே வி.ஏ.எஸ்.

இப்போது மூன்றையும் சேர்த்தால் பெட்டி தானாக வந்துவிடும். எஃப்.எஸ். 35, க்யூ.டி.எஸ். 0.4, வி.ஏ.எஸ். 60 லிட்டர் உள்ள ஊஃபரை மூடிய பெட்டியில் போட்டால், அளவான பேஸுக்கு ஏறக்குறைய 28 லிட்டர் தேவை. 20 லிட்டர் தண்ணி கேனில் ஒன்றரைக்குச் சற்றுக் குறைவு. உள்ளளவு 30-க்கு 25-க்கு 40 சென்டிமீட்டர் இருந்தால் 30 லிட்டர். ஊஃபரின் காந்தமும் உள்கட்டைகளும் கொஞ்சம் இடம் பிடிக்கும், சரியாக இருக்கும். இந்தப் பெட்டியில் பேஸ் சுமார் 62 ஹெர்ட்ஸ் வரை ஒழுங்காக இறங்கும்.

இடமில்லை என்று அதே ஊஃபரை 12 லிட்டர் பெட்டியில் திணித்தால் என்ன ஆகும்? பேஸ் 86 ஹெர்ட்ஸிலிருந்தே சரியத் தொடங்கிவிடும். சரிவதற்கு முன் ஒரு மேடு கட்டும். எந்தப் பாட்டைப் போட்டாலும் ஒரே சுருதியில் 'டம் டம்'. 'பேஸ் சும்மா அதிருதுல்ல' என்று பலர் மெச்சிக்கொள்வது பல சமயம் இந்தக் கோளாறைத்தான். இளையராஜாவின் பேஸ் கிட்டார் ஏறி இறங்கி நடப்பது அதில் கேட்காது. யாரோ கதவைத் தட்டுவது கேட்கும்.

துளை வைத்த பெட்டி இன்னும் கொஞ்சம் நுணுக்கம். கோலி சோடா பாட்டிலின் வாயில் ஊதினால் 'பூம்' என்று வருமே, அதே கணக்கு. பெட்டிக்குள் இருக்கும் காற்றும் குழாய்க்குள் இருக்கும் காற்றும் சேர்ந்து ஒரு சுருதியில் பாடும். குழாய் நீளமானால் சுருதி இறங்கும், அகலமானால் ஏறும். அழகுக்காக ஒரு பி.வி.சி. பைப் துண்டைச் சொருகுவது வேறு, சுருதி சேர்த்து வெட்டுவது வேறு. சுருதிக்குக் கீழான பேஸ் வந்தால், பிடிமானமே இல்லாமல் கோன் எகிறும். எக்ஸ்மேக்ஸ் என்ற எண், கோன் எத்தனை மில்லிமீட்டர் வரை ஒழுங்காக நகரலாம் என்று சொல்கிறது. அதை வெகுவாகத் தாண்டினால் 'டக் டக்' என்று காயில் அடிவாங்கும் சத்தம் கேட்கும்.

சின்னப் பெட்டி, ஆழமான பேஸ், நல்ல சென்சிட்டிவிட்டி: இந்த மூன்றில் இரண்டைத்தான் எடுத்துக்கொள்ள முடியும். ஸ்பீக்கர் செய்பவர்கள் இதை ஹோஃப்மனின் இரும்பு விதி என்பார்கள். கே.எல்.ஹெச். என்ற அமெரிக்க நிறுவனப் பெயரின் 'ஹெச்' அந்த அன்டன் ஹோஃப்மன்தான். மூன்றையும் தருவதாகச் சொல்லும் விளம்பரத்தைப் பார்த்தால் அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம்.

மடை திறக்கும் வேலை

பி.ஏ.பி. வாய்க்காலில் எந்த மடையில் எவ்வளவு தண்ணி போக வேண்டும் என்று கணக்கு இருக்கிறது. ஸ்பீக்கருக்குள் அந்த வேலையைச் செய்வது கிராஸ்ஓவர். கனத்த ஒலிகள் ஊஃபருக்கு, மெல்லிய ஒலிகள் ட்வீட்டருக்கு. விலை குறைந்த பெட்டிகளைத் திறந்தால் பல சமயம் கிராஸ்ஓவர் என்று இருப்பது ட்வீட்டரோடு பற்றவைத்த ஒரே ஒரு கெப்பாசிட்டர். 8 ஓம் ட்வீட்டரில் 2.2 மைக்ரோஃபாரட் போட்டால் ட்வீட்டர் சுமார் 9,000 ஹெர்ட்ஸுக்கு மேல்தான் முழுசாகப் பாடும். எட்டு இன்ச் ஊஃபரோ மூவாயிரம், நாலாயிரத்திலேயே தளர்ந்துவிடும். நடுவில் இருக்கும் வயல் காய்கிறது. பாட்டின் வார்த்தைகள் தெளிவாகக் கேட்பது அந்த நடுப்பகுதியால்தான், எஸ்.ஜானகி போர்வைக்குள்ளிருந்து பாடுவதுபோல் கேட்பதற்குக் காரணம் இதுவே. 4.7 மைக்ரோஃபாரட் போட்டால் எல்லை 4,200-க்கு இறங்கும். விலை வித்தியாசம் ஒரு டீக்காசுக்குள் அடங்கிவிடும். ஆனால், இறக்கிய எல்லையை அந்த ட்வீட்டர் தாங்குமா என்று அதன் எஃப்.எஸ். தெரிந்தால்தான் முடிவு செய்ய முடியும். மறுபடி எண்ணிடமே வந்து நிற்கிறோம்.

'காது போதும்' என்ற வாதம்

"எண்ணெல்லாம் எதுக்குங்க, காதுல கேட்டா தெரியாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. கேட்டால் தெரியும், உண்மைதான். ஆனால் கடையில் கேட்கும்போது சத்தம் கொஞ்சம் கூடுதலாக வைத்த பெட்டிதான் நல்லதாகத் தோன்றும். காதின் பழக்கம் அது. ஆன்லைனில் வாங்குகிறவருக்கோ அந்த வாய்ப்பும் இல்லை. தவிர, காது கேட்டுச் சொல்வது பெட்டி செய்து முடித்த பிறகு. பிளைவுட்டை அறுப்பதற்கு முன்னால் காதால் என்ன செய்ய முடியும்?

இன்னொரு வாதம் கொஞ்சம் நியாயமானது. சின்னப் பட்டறையில் பெட்டி கட்டுபவர் இதையெல்லாம் எங்கே போய் அளப்பார்? முன்பு அது கஷ்டம்தான். இப்போது ஒரு லேப்டாப், ஒரு ரெசிஸ்டர், 'ஆர்.இ.டபிள்யூ.' என்ற இலவச மென்பொருள் போதும். ஊஃபரின் ஓம் எந்த ஹெர்ட்ஸில் உச்சிக்குப் போகிறதோ அதுதான் எஃப்.எஸ். கோனின் மேல் எடை தெரிந்த களிமண் உருண்டை ஒன்றை ஒட்டி மறுபடி அளந்தால் வி.ஏ.எஸ்.ஸும் கிடைத்துவிடும். தங்க நகைப் பட்டறைகளுக்குப் பேர்போன ஊரில் கிராம் சுத்தமாக எடைபோடத் தராசுக்குப் பஞ்சமா? பெட்டியின் கணக்கை 'வின்ஐஎஸ்டி' என்ற இன்னொரு இலவச மென்பொருள் போட்டுக்கொடுக்கும்.

பெரிய கம்பெனிகளுக்கு இந்தச் சாக்கும் கிடையாது. ஆம்ப்ளிஃபயரின் வாட்டைத் தொடர் சக்தியாக அளந்துதான் விளம்பரம் செய்ய வேண்டும் என்று அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் 1974-லேயே விதி கொண்டுவந்தது. இங்கே நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கும் அதிகாரத்தை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்குத் தருகிறது. 24 வாட் அடாப்டரோடு வரும் பெட்டியின் மேல் ஆயிரக்கணக்கில் வாட் அச்சடிப்பது அந்த வரையறைக்குள் வராது என்று வாதிட ரொம்பவே துணிச்சல் வேண்டும்.

பம்ப்செட்டுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறது, நட்சத்திரக் குறியீடு இருக்கிறது, சோதித்துப் பார்க்கக் கோவையிலேயே சைடார்க் ஆய்வுக்கூடம் இருக்கிறது. தரத்தை எண்ணாக்கி நேம் பிளேட்டில் அடித்ததால்தான் இந்த ஊர் பம்ப்பை வெளியூர்க்காரர் பார்க்காமலேயே நம்பி வாங்குகிறார். ஸ்பீக்கர் கட்டும் உள்ளூர்க்காரருக்கு அப்படி ஒரு நேம் பிளேட் இல்லை. நல்ல பிளைவுட், நல்ல ஊஃபர், ஒழுங்கான கிராஸ்ஓவர் போட்டு 40 வாட் பெட்டி செய்துவிட்டு '40 வாட்' என்று உண்மையைச் சொன்னால், பக்கத்திலிருக்கும் '4,000 வாட்' டவர் ஸ்பீக்கருக்கு முன்னால் அவர்தான் தோற்கிறார். வாட் என்ற ஒரே மைதானத்தில் விளையாடும்வரை, பொய் சொல்பவருக்கே கோப்பை.

அவர் மைதானத்தை மாற்றலாம். அதற்கு அச்சகத்துக்குக்கூடப் போக வேண்டியதில்லை. பெட்டிக்குப் பின்னால், வயர் மாட்டும் இடத்துக்குப் பக்கத்தில், உள்ளங்கை அளவு தாளில் பேனாவால் எழுதி ஒட்டலாம்: சென்சிட்டிவிட்டி 90 டெசிபல், 8 ஓம், தொடர்ந்து 40 வாட், பேஸ் 60 ஹெர்ட்ஸ் முதல், உள்ளளவு 28 லிட்டர். எதிர்க்கடை டவர் ஸ்பீக்கரின் பளபள அட்டைப்பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாலும், இந்த ஐந்தில் இரண்டு கிடைத்தாலே பெரிசு.